பேச்சியின் மருதாணி வேலி

குடிகாரப் புருஷனை விட்டுத் தனியாக வந்த பேச்சிக்கு அண்ணன் கொல்லையில் மறைப்பில்லாத ஒரு குடிசையைத்தான் கொடுத்திருந்தான். "கட்டினவன்கிட்டயே திரும்பிப் போ" என்று சொல்லிவிட்டு அதன்பின் அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

"குளிக்க ஒரு சுவராவது கட்டித் தரச் சொல்லி அண்ணன்கிட்ட கேளேன்" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லக்கனி.

"சுவருக்காக யார் முன்னாலயும் போய் நிக்க மாட்டேங்க்கா. உங்க மருதாணியில கொஞ்சம் கம்பு ஒடிச்சுத் தாங்க."

கம்புகளை நெருக்கி நட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். ஆடு கடிக்காமல் முள் வைத்தாள். நுனியைக் கிள்ளக் கிள்ளச் செடி பக்கவாட்டில் அடர்ந்தது. அது மறைக்குமளவு வளரும்வரை விடியுமுன் எழுந்து, சேலையைச் சுற்றிக்கொண்டே குளித்தாள்.

வேலி ஆளுயரம் தாண்டியதும் கிள்ளுவதை நிறுத்தினாள். கொத்துக் கொத்தாகப் பூத்துத் தெருமுனைவரை மணந்தது. அன்று நடுப்பகல் வெயிலில் கூந்தலை அவிழ்த்துவிட்டுக் குளிக்க உட்கார்ந்தாள்.

வெளியே அண்ணன் குரல் கேட்டது. "பேச்சி, கொத்தனாரைக் கூட்டியாந்திருக்கேன். சுவர் எங்க வைக்கணும்னு வந்து காட்டு."

"குளிச்சிக்கிட்டு இருக்கேண்ணே. நேரமாகும்."

நிதானமாக அடுத்த செம்பை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள்.