தண்ணீர்த் தொட்டி வரைக்கும்

அரிசிக்கடை வாசலில் தினமும் தானியம் இறைப்பார்கள். அதனால் கடையின் கூரை இடுக்கில் குடியிருந்த புறாக்கள் பறப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டன. இறங்கித் தின்றுவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அவற்றில் ஒரு ஜோடி போன முறை பொரித்த குஞ்சு, முதல்நாள் பறந்தபோது பாதித் தெருவிலேயே மூச்சு வாங்கிக் கீழே இறங்கியது. பூனை அங்கேதான் இருந்தது.

பெண்புறா கணவனிடம் சொன்னது: “அடுத்த முட்டைக்கு முன்னால நாம ரெண்டு பேரும் தினமும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் பறந்துட்டு வரணும்.”

“முட்டை வைக்கப்போறது நீ. நான் எதுக்கு?”

“குஞ்சுக்கு மூக்கு உங்களை மாதிரி இருக்கணும்னு ஆசைப்படுறீங்கல்ல? மூச்சும் உங்களை மாதிரிதான் இருக்கும்.”

பக்கத்து இடுக்குப் புறா சிரித்தது. “பொறக்காத பிள்ளைக்கு இப்பவே ஓட்டமா? நடத்துங்க மாப்ளே.”

முதல் நாள் ஆண்புறா வழியில் மின்கம்பியில் உட்கார்ந்து, வேடிக்கை பார்ப்பதுபோல இளைப்பாறியது. ஒரு மாதத்தில் எங்கும் நிற்காமல் போய்வந்தது. பிறகுதான் பெண்புறா முட்டையிட்டது.

குஞ்சுகள் பறக்கவேண்டிய நாளும் வந்தது. பூனை கீழே காத்திருந்தது. இரண்டு குஞ்சுகளும் அதன் தலைக்கு மேலே தெருவைத் தாண்டி, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பின.

“யாரு மாதிரிய்யா இதுங்க?” என்றது பக்கத்துப் புறா.

“அப்பன் மாதிரி” என்று ஆண்புறா நெஞ்சை நிமிர்த்தியது. அடைகாத்து, ஊட்டி, உட்கார்ந்தே இருந்ததில் அது மறுபடி பருத்திருந்தது.

பெண்புறா குஞ்சுகளைப் பார்த்து, “அப்பாவையும் கூட்டிக்கிட்டு இன்னொரு தடவை போயிட்டு வாங்க” என்றது.