சசாங்கன் தராத மருந்து

“பேதி மருந்து இல்லைங்கறீங்களா, தர மாட்டேங்கறீங்களா?”

“தர மாட்டேன், சேச்சி.”

மெடிக்கல் ஷாப் சசாங்கன் நிதானமாகத்தான் சொன்னார். ஏலிக்குட்டிதான் பதறிக்கொண்டிருந்தாள். வெளியே ஜீப்பில் அவள் புருஷன் வர்க்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். வெளிக்குப் போய் மூன்று நாளாகிறது. காலையில் குடித்த கஞ்சித் தண்ணியும் வாந்தியாகிவிட்டது.

“காத்தாவது பிரியுதா?”

“அதுவும் இல்ல. அதனாலதானே கேக்கறேன்.”

“தொடுபுழா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“பால் சொசைட்டி எலெக்‌ஷன்ல அவர்கிட்ட தோத்தீங்க. அதுக்கு இப்படியா பழி வாங்கறது?”

சசாங்கன் போனைக் கையில் எடுத்தார்.

“அவன்கிட்ட என்ன கெஞ்சல், வாடி” என்று ஜீப்பிலிருந்து முனகினார் வர்க்கி.

அடுத்த தெருக் கடைக்குப் போனாள். அங்கிருந்த பெண் சங்கடமாக நெளிந்தாள்.

“சசாங்கன் சேட்டன் இப்பத்தான் போன் பண்ணினார். நீங்க வந்து கேட்டா தரக் கூடாதாம்.”

“நல்லா இருக்கட்டும் அவர்” என்று அழுதுகொண்டே ஜீப்பில் ஏறினாள் ஏலிக்குட்டி. போக வேறு இடமில்லை. டிரைவரிடம் ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னாள்.

எக்ஸ்ரே, ஸ்கேன். மதியமே ஆபரேஷன். மூன்று மணி நேரம் ஜெபமாலையும் கையுமாக நின்றாள்.

டாக்டர் ரெஹனா வெளியே வந்தார்.

“பொழச்சுட்டார். சிறுகுடல்ல எலுமிச்சை அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டி. ரொம்ப அபூர்வம். அது இழுத்ததுல குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி அடைச்சிருச்சு. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டுத் தெச்சுட்டோம்.”

“புத்து நோயா டாக்டர்?”

“அப்படித் தெரியல. சோதனைக்கு அனுப்பியிருக்கோம். ஆமா, பேதி மருந்து ஏதாவது குடுத்தீங்களா?”

“கேட்டேன். கடைக்காரர் தரல.”

“குடுத்திருந்தா குடல் வெடிச்சிருக்கும்மா.”

பத்து நாள் கழித்து ஏலிக்குட்டி சசாங்கன் கடைக்குப் போனாள்.

“சாதாரணக் கட்டிதான்னு ரிசல்ட் வந்துடுச்சு. கஞ்சி குடிக்கறார்.”

“நல்லது, சேச்சி.”

“உங்கள என்னெல்லாமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.” சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள். “டாக்டருக்கே ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிஞ்சுது. உங்களுக்கு மட்டும் எப்படி?”

சசாங்கன் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கடை திறந்த வருஷம் எங்க அப்பாவுக்கு இதே மாதிரி வந்துது, சேச்சி. அன்னிக்கு நான் குடுத்தேன்.”