மூன்றாவது சுற்று

இன்னொரு சுற்றுப் போகச் சொன்னாள் விமானம் ஓட்டப் பழக்கும் ஐறீன் மிஸ், பக்கத்து இருக்கையிலிருந்து.

அருந்ததி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். சோதனைக்கு ஒரு சுற்றுத்தான் என்று புத்தகத்தில் இருந்தது. இரண்டு முடிந்துவிட்டது. இது மூன்றாவது.

அவள் நெற்றியில் நீண்ட கறுப்பு மறைப்போடு ஒரு தொப்பி. வானமும் தெரியாது, கடலும் தெரியாது. எதிரே ஆறு கருவிகள் மட்டும். அவற்றின் முள்ளைப் பார்த்தே விமானத்தை ஓட்ட வேண்டும்.

உயரம் ஆயிரத்தைந்நூறு அடி. நூறு அடி கூடினாலும் குறைந்தாலும் பெயில்.

விமானம் இடப்பக்கம் சரிகிறது என்று உடம்பு சத்தியம் பண்ணியது. இல்லை, நேராகத்தான் போகிறது என்றது கருவி. உடம்பை நம்பினவர்கள் எல்லாரும் இப்போது மீனோடு இருக்கிறார்கள் என்று ஐறீன் மிஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். கொட்டாஞ்சேனைக்காரியின் பகிடி. சிரிக்கவும் பயம்.

அருந்ததி முள்ளை நம்பினாள். ஒரு நிமிஷம் நேரே, ஒரு நிமிஷம் வலப்பக்கம் திரும்பல், மறுபடி நேரே, மறுபடி வலம்.

காலையிலிருந்தே எல்லாம் பிழை. விடியவே ஆமிக்காரர் வந்து, மாடி மாடியாக ஏறி அடையாள அட்டை பார்த்தார்கள். அது முடிய எட்டரை மணி. வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பிள்ளையாரைக்கூடச் சுற்றாமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். முதலாம் வகுப்பிலிருந்து எந்தச் சோதனைக்கும் மூன்று முறை வலம் வராமல் அவள் போனதேயில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. கிருலப்பனையில் டைப்பிங் சோதனை என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

அம்மா அன்னபாக்கியம் பஸ்ஸிலேயே யன்னல் ஓரம் இருக்கப் பயப்படுகிறவ. இந்தச் சண்டைக் காலத்தில் மகள் ஆகாயத்தில் என்று தெரிந்தால் அதோடு எல்லாம் சரி. ஆனாலும் பாஸ் பண்ணினால் இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுவதாகப் பிள்ளையாருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். டைப்பிங் வகுப்பென்று புறப்படும்போதெல்லாம் எட்டு மாதமாக அம்மா பூசிவிடும் திருநீறு நெற்றியில் சுட்டுக்கொண்டிருந்தது.

உயரமானி முள் அறுபது அடி இறங்கியது. மெல்ல, மெல்லத் தூக்கினாள். முள் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

மூன்றாவது சுற்று முடிந்தது.

பாஸ் என்றாள் ஐறீன் மிஸ், ஏதோ சில்லறை மிச்சம் கொடுப்பவள்போல. தொப்பியைக் கழற்றச் சொன்னாள்.

கழற்றினாள். வெயில் கண்ணைக் குத்தியது. பிறகு, ஐறீன் மிஸ்ஸின் பக்கத்து இறக்கைக்குக் கீழே, அவள் குடியிருக்கும் வெள்ளவத்தை.

நட்டநடுவே பிள்ளையார் கோயில் கோபுரம். இவ்வளவு நேரமும் சுற்றியது அதைத்தான்.

கோபுரத்தை ஒட்டி அவர்களுடைய மாடிவீடு. மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாய், ஒரு சிவப்புச் சதுரம். அதன் பக்கத்தில், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தபடி ஒரு சின்ன உருவம்.

அருந்ததி முள்ளை மறந்தே போனாள். ஐறீன் மிஸ் ஒரு விரலால் விமானத்தை நேராக்கினாள்.

"நீ கோயிலுக்குப் போகாம ஓடிட்டியாம். மூணு சுத்து, வலமாச் சுத்தி வரச் சொல்லி உங்க அம்மா போன் பண்ணினாங்க" என்றாள். "டைப்பிங் பாஸாகணுமாம்."