குழாயில் மூன்று தட்டு

கத்திரிக்கோலை ஒல்ஜாஸே வாங்கிக்கொண்டு வந்திருந்தான். புதியது.

"அதை மேஜை மேல வைடா. வெட்டுறவங்க இன்னும் வரல," என்றான் குவானிஷ்.

ஒல்ஜாஸுக்கு முகம் தொங்கிவிட்டது.

கஸகஸ்தானின் அல்மாட்டியில் குழந்தை முதல் அடி வைத்ததும் அதன் கால்களில் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கயிற்றைக் கட்டி, ஒருவர் கையால் வெட்டச் சொல்வார்கள். வெட்டுகிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. கம்ப்யூட்டர் விளையாட்டே கதியென்று கிடக்கும் இந்தப் பிள்ளைகள், அதைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். யார் பாகம் பாகமாய் வாங்கிப் புதிதாக ஒன்றைக் கட்டினாலும், முதல்முறை ஓடவிடும் முன் அதற்குக் கயிறு கட்டுவார்கள். வேகமான கை வெட்ட வேண்டும். தூங்குமூஞ்சி வெட்டினால் கம்ப்யூட்டரும் பாதி ஆட்டத்தில் தூங்கிவிடுமாம்.

குழுவில் வேகமான கை ஒல்ஜாஸுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஒல்ஜாஸுக்குக் கொஞ்சமும் கிடையாது.

அது மட்டுமா? அவன் ராசிக்காரன் வேறு. குவானிஷ் வீடு இருக்கும் பழைய கட்டடத்தில் திடீர் திடீரென்று ஃப்யூஸ் போய்விடும். ஒல்ஜாஸ் வந்து உட்கார்ந்த நாளில் மட்டும் ஒருமுறைகூடப் போனதில்லை. அதனால்தான் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயோரம், குவானிஷ் வழக்கமாய் உட்காரும் கதகதப்பான இடத்தை, அவன் வந்தால் அவனுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

மேஜை மேல் குவானிஷின் புதுக் கம்ப்யூட்டர் கயிறு கட்டிக்கொண்டு காத்திருந்தது. பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே சூட்டைத் தணிக்க நீல நீர் ஓடப்போகும் குழாய்கள். அவற்றைச் சூடு காட்டி வளைக்கப்போய் குவானிஷ் உடைத்த துண்டுகள் சன்னலோரம் ஒரு குவியலாய்க் கிடந்தன. ஒவ்வொரு பாகமும் ஒல்ஜாஸ் பார்த்துச் சொன்னது. அப்படியிருக்க, வேறு யார் கை?

வாசல் மணி அடித்தது.

கீழ் வீட்டு ஷோல்பன் அக்கா. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஏறி வந்திருந்தாள்.

குவானிஷ் கத்திரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

போயும் போயும் இவளா என்றிருந்தது ஒல்ஜாஸுக்கு. இவளை அவனுக்கு நன்றாகத் தெரியும். முகத்தை வைத்து அல்ல, சத்தத்தை வைத்து. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து, கீழேயிருந்து வெந்நீர்க் குழாயில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவாள். மேலே கும்மாளம் போடாதே என்று அர்த்தம், வேறென்ன? மற்றவர்கள் காதை அடைத்த ஹெட்போனோடு மெய்மறந்து இருப்பார்கள். குழாயோரம் உட்கார்ந்த ஒல்ஜாஸுக்குத்தான் முதுகில் அதிரும். அவனும் விடமாட்டான். குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. அதோடு அன்றைக்குக் கீழே மூச்சு இருக்காது.

"இவங்க வெட்டினா, கம்ப்யூட்டர் பாதி ஆட்டத்துல எழுந்து போய் குழாயைத் தட்டும்," என்று பக்கத்தில் இருந்த குழுக்காரன் மிராஸின் காதில் முணுமுணுத்தான். மிராஸ் சிரிப்பை அடக்கத் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டான்.

தையல்காரியின் கை. ஒரே வெட்டு. கயிறு இரண்டாய் விழுந்தது. பொத்தானை அழுத்தியதும் நீலம் குழாய்க்குக் குழாய் ஓடிப் பரவ, அறையே குளத்துக்குள் மூழ்கியதுபோல் ஆயிற்று. சுபகாரியத்தில் செய்வதுபோல் மிராஸ் கை நிறைய மிட்டாயை வாரி இறைத்தான். பெரிய பெரிய ஆட்களெல்லாம் மேஜைக்கடியில் தவழ்ந்து பொறுக்கினார்கள்.

ஒல்ஜாஸ் மட்டும் பொறுக்கவில்லை. எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக் ஒன்றை எடுத்துக் கடித்தபடி, மரியாதையாகவே குத்தினான்.

"கயிறே வெட்டிட்டீங்க அக்கா. இனிமேலாவது குழாயைத் தட்டாம இருப்பீங்களா?"

"தட்டாம எப்படித் தம்பி கேக்கறது?"

"எதைக் கேக்கறது?"

குவானிஷ் சிரித்தான். "உனக்குச் சொல்லவே இல்லையோ? மேல் வீடு, கீழ் வீடு ரெண்டுக்கும் ஒரே கரண்ட் லைன்டா. என் கம்ப்யூட்டரும் அக்காவோட இஸ்திரிப்பெட்டியும் ஒண்ணா ஓடினா ஃப்யூஸ் போயிடும். அதனால இஸ்திரி போடுறதுக்கு முன்னாடி அக்கா குழாயைத் தட்டிக் கேப்பாங்க. முக்கியமான ஆட்டம்னா நான் ஒரு மிதி மிதிப்பேன். ‘கொஞ்சம் பொறுங்கக்கா’ன்னு அர்த்தம். இல்லேன்னா கம்ப்யூட்டரை அணைச்சிடுவேன். சில நேரம் தட்டினதைக் கவனிக்காம விட்டுடுவேன், பட்டுனு போயிடும். பாவம், அவங்க பிழைப்பே அந்த இஸ்திரிப்பெட்டிதான். எனக்காகப் பொறுத்துக்கறாங்க. பொறுமை உள்ள கைதானே கயிறு வெட்டணும்?"

கடித்த பவுர்சாக்கை ஒல்ஜாஸ் மேஜை மேல் வைத்தான்.

"மிதிச்சா... பொறுங்கன்னு அர்த்தமா?"

"ஆமா தம்பி," என்றாள் ஷோல்பன் அக்கா. "அதுலயும் சில நாள், வீடே ஆடுற மாதிரி ஒரு மிதி விழும் பாருங்க. ஐயோ, பசங்களுக்கு ரொம்பப் பெரிய போட்டி போலிருக்குன்னு அன்னிக்கு இஸ்திரிப்பெட்டியைத் தொடவே மாட்டேன். தைச்ச துணியெல்லாம் அப்படியே மடிச்சு வெச்சிட்டுத் தூங்கிடுவேன். அந்தப் போட்டியெல்லாம் ஜெயிச்சீங்களா?"

மிராஸ் ஒல்ஜாஸின் குதிகாலைப் பார்த்தான். ஒல்ஜாஸ் இரண்டு கால்களையும் மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாத்தையும் ஜெயிச்சோம் அக்கா," என்றான். "இத்தனை நாளா ஃப்யூஸ் போகாதது என் ராசின்னு நெனச்சிட்டிருந்தேன்."