பிரேமகுமாரிக்கு ப்ரீஷிப்

“இதுவா ஏழை வீடு?”

தனக்குள் முனகிக்கொண்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேதாசலம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே கைப்பிடி வைத்த தேக்கு நாற்காலி. சுவரில் பெண்டுலம் ஆடும் கடிகாரம். வெள்ளி டம்ளரில் ஆவி பறக்கும் காபியோடு ரெபேக்காள் காத்திருந்தாள்.

“உள்ள வாங்க சார், உக்காருங்க” என்றார் அவள் புருஷன் சற்குணம். திருத்தணியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மணியடிப்பவர். துவைத்த சட்டையின் மேல்பொத்தானைக்கூடப் போட்டிருந்தார்.

1946, ஜூன் மாதம். அவர்கள் மகள் பிரேமகுமாரி எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பட்டணத்தில் ஒரு பெண்கள் காலேஜில் இடம் வாங்கியிருந்தாள். காலேஜ் திறக்க இன்னும் பத்தே நாள். அவள் போவதும் போகாததும் இன்ஸ்பெக்டர் எழுதப்போகும் நாலு வரியில் இருந்தது.

வேதாசலம் நாற்காலியில் சாய்ந்து, காபியை வாங்கி அதன் கைப்பிடியில் வைத்துவிட்டு, விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“ஸ்காலர்ஷிப் கெடைச்சிருக்குன்னு போட்டிருக்கு. அப்புறம் ப்ரீஷிப் வேற எதுக்கய்யா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே?” என்றார் சற்குணம்.

“இல்ல நைனா.” பள்ளிக்கூடத்துக்குப் போய் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு பிரேமகுமாரி அப்போதுதான் உள்ளே வந்தாள். “ஸ்காலர்ஷிப் மார்க்குக்காகக் குடுக்கிறது. மாசாமாசம் வரும். அது ஹாஸ்டல் சாப்பாட்டுக்கே சரியாப் பூடும். ப்ரீஷிப்னா காலேஜுக்குச் சம்பளம் கட்ட வேணாம். அது ஏழைங்களுக்கு மட்டும்தான். நாம ஏழைதானான்னு பாக்கத்தான் சார் வந்துகிறாரு.”

சற்குணம் சட்டென்று மகள் பக்கம் திரும்பினார்.

“ஏழையான்னு பாக்கவா? பெரிய காலேஜாச்சே, கவுரவமான குடும்பமான்னு பாக்க வர்றாருன்னு இல்ல நெனச்சேன்!”

பிரேமகுமாரி நாற்காலியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

“ஐயோ நைனா!” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். “சார், இதெல்லாம் இரவல்ங்க சார்.”

வேதாசலம் சிரித்துவிட்டார்.

“நான் போற வீட்டுலல்லாம் இதைத்தாம்மா சொல்றாங்க. போன வாரம் பொதட்டூர்பேட்டையில ஒருத்தன், ஏறி நின்ன மெத்தை வீட்டையே இரவல்னான்.”

“நெஜமா சார். பொண்ணு பாக்க வர்றவங்களுக்குச் செய்யற மாதிரி எங்க நைனா...”

“அதெல்லாம் என்னால எழுத முடியாது. கண்ணால கண்டதைத்தான் எழுதணும். முழு ப்ரீஷிப் கெடையாது. அரைச் சம்பளச் சலுகையும் கஷ்டம். வேணும்னா லோன்னு எழுதறேன். படிச்சு முடிச்சு வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்டணும். சொத்து உள்ளவர் ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போடணும்.”

“எங்களுக்குக் கையெழுத்துப் போட யாருங்க வருவாங்க?” என்றார் சற்குணம்.

“வெள்ளியில காபி குடிக்கிறவங்களுக்கா ஆள் கெடைக்காது?”

ரெபேக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிரேமகுமாரி சர்டிபிகேட்டை நாலாக மடித்தாள். இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

“ஏண்டி ரெபேக்கா!”

வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள் பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள். மலைப்படியோரம் பூ விற்பவள். கையில் பாதி தொடுத்த சரம்.

“ஒரு மணி நேரம்னு சொல்லி இரவல் வாங்கினு வந்தியே, பொழுது உச்சிக்கு வந்துடுச்சி. என் சாமானைத் திருப்பிக் குடுக்கிற எண்ணம் இருக்குதா, இல்லியா?”

ரெபேக்காள் விழித்தாள். சற்குணம் தலையைக் குனிந்துகொண்டார்.

“எழுந்திருங்க சாமி. நாற்காலி என்னுது.”

“அம்மா, நான் சர்க்கார் வேலையா...”

“சர்க்காரு வாங்கிக் குடுத்த நாற்காலியா இது? எழுந்திருங்க.”

வேதாசலம் எழுந்தார். எத்தனையோ வீடுகளில் ஜப்தி செய்தவர். அவரை யாரும் இப்படி எழுப்பியதில்லை.

“அங்க இருக்குதே டம்ளரு, அதுவும் என்னுது. சீக்கிரம் குடிங்க.”

ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்துபோயிற்று.

கௌரியம்மாள் கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். டம்ளரை மடியில் செருகினாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு, “ஊரான் சாமான்ல கவுரவத்தைப் பாரு!” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. தரையில் ஒரு பாய். மூலையில் ரெண்டு மண்பானை, மாடப்பிறையில் ஒரு பைபிள்.

வேதாசலம் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். நின்றபடியே எழுதினார்.

“முழு ப்ரீஷிப்புக்குச் சிபாரிசு பண்ணிட்டேன். காஷன் டெபாசிட் மட்டும் நீங்க கட்டணும். பயப்படாதீங்க, எதையும் ஒடைக்காம இருந்தா, காலேஜை விட்டு வரும்போது அதைத் திருப்பிக் குடுத்துடுவாங்க.”

படியிறங்கியவர் திரும்பிப் பிரேமகுமாரியைப் பார்த்தார்.

“நல்லாப் படிம்மா. வேலைக்குப் போனதும் முதல்ல ஒரு நாற்காலி வாங்கு. அந்தப் பொம்பளை கண்ணெதிர்லயே போட்டு உக்காரு.”

தெருக்கோடியில் அவர் தலை மறைந்ததுதான் தாமதம், கௌரியம்மாள் ஓடி வந்தாள்.

“இன்னாடி எழுதினாரு? முழுசா, அரையா?”

“முழுசு அத்தே!”

பிரேமகுமாரியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள் கௌரியம்மாள். பாதி தொடுத்த சரத்தை அப்படியே அவள் தலையில் வைத்தாள்.

ரெபேக்காளுக்கு இன்னும் திகைப்பு தீரவில்லை.

“ஏங்க்கா, நாற்காலி டாக்டர் வீட்டுது. கடிகாரம் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுது. டம்ளரு செட்டியாரம்மா குடுத்தது. உங்கிட்ட நான் ஒண்ணுமே இரவல் கேக்கலியே!”

“கேட்டிருந்தா மட்டும் குடுக்கறதுக்கு எங்கிட்ட இன்னாடி இருக்குது?” என்றாள் கௌரியம்மாள். “இந்த வாய் ஒண்ணுதான். அதைக் குடுத்தேன்.”