மாதத்துக்கு ஒரு நாடு

அகதிகளைப் பகிர்ந்து காப்பதென்று பன்னிரண்டு நாடுகள் கையெழுத்துப் போட்டதிலிருந்து, இராசமலருக்கும் மகள் தர்மினிக்கும் மாதத்துக்கு ஒரு நாடு. இன்று முதல் தேதி. அடுத்த நாட்டின் கப்பல் துறைமுகத்தில் காத்திருந்தபோது, நிறைமாதக்காரியான தர்மினிக்கு இடுப்புவலி எடுத்தது.

"தம்பி, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ," என்றாள் இராசமலர்.

"உங்க மாசம் நேத்தே முடிஞ்சிடுச்சும்மா," என்றார் துறைமுக அதிகாரி கதிரேசன். "இங்க பிறந்தா குழந்தை எங்க கணக்குல ஏறும். கப்பல்ல டாக்டர் இருக்காரு, போங்க."

அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு முகம் சுளித்தார். "பெத்த பிறகு ஏத்துங்கன்னு கப்பல்காரங்க சொல்றாங்க."

"பெத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. வாசல் தாண்டமாட்டாள். உங்கட மாசத்தை நீட்டுவியளோ?"

"அம்மா, எல்லா நாடும் சேர்ந்துதான் உங்களைப் பாத்துக்குது."

"பாக்கிறியளோ? சேர்ந்து பந்தடிக்கிறியள்!"

இராசமலர் மகளைக் கைத்தாங்கலாக நடத்திப்போனாள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்டிருந்த நடைபலகையின் சரிபாதியில் அவளைப் படுக்க வைத்தாள். வரிசையில் நின்ற பெண்கள் கேட்காமலே வந்து சேலைகளை மறைப்பாகப் பிடித்தார்கள். ஒருவராலும் கப்பலேற முடியவில்லை.

"வழியை மறிக்கிறீங்கம்மா!"

"மறிக்கத்தான் இருக்கிறன். பிள்ளை இங்கதான் பிறக்கும்." தர்மினி அலறினாள். இராசமலர் கரையையும் கப்பலையும் பார்த்துக் கத்தினாள்: "பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டவையெல்லே? ஆராவது ஒருத்தர் சுடுதண்ணி கொண்டு வாங்கோ!"