மடியில் ஒரு கைப்பை

கைப்பையைக் கணவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தொங்கிய வாரைச் சுருட்டிப் பைக்குள் தள்ளினார். ஒவ்வோர் ஆடியிலும் இப்படித்தான்.

பெண்கள் மருத்துவமனையில் ஆண்கள் சுவரோரமாக நிற்பார்கள். வாசலுக்குப் போவார்கள், வருவார்கள். மனைவியின் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பவர் இவர் ஒருவர்தான்.

இந்த ஆடியில் அவளுக்கு மறுபக்கம் இன்னொருவரும் இருந்தார். மகளின் மாமியார். ஆடி விருந்துக்கு நேற்று வந்தவர்.

"நான் தொணைக்குத்தான் வந்தேன்" என்று ஆட்டோவில் ஏறும்போது சொன்னார்.

இறங்கும்போதும் சொன்னார்.

தன் பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்திருந்தார்.

இன்று விடியலில் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் அவரைப் பார்த்தாள். பாவாடையை அலசிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரில் சிவப்பு.

மாதவிலக்கு நின்று பல வருடங்கள் ஆனவர்.

"சூடு மதினி. வெந்தயம் முழுங்குனா சரியாப் போயிரும்."

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு வாங்க மதினி" என்று மட்டும் சொன்னாள். வேறு சொல் வரவில்லை.

அவளுடைய அக்காவும் சூடு என்றுதான் சொன்னாள். மோர் குடித்தாள். இளநீர் குடித்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். கடைசியில் மருத்துவமனைக்குப் போனபோது கருப்பைவாயில் தொடங்கிய புற்று எங்கெங்கோ போயிருந்தது.

அக்கா போன அந்த வருடத்து ஆடியில்தான் கணவர் அவளை முதன்முதலாக இங்கே கருப்பைவாய்ப் பரிசோதனைக்குக் கூட்டி வந்தார். கல்யாணச் சமையல்காரர். ஆடியில் அவருக்கு அடுப்பு இல்லை.

"ஊருக்கு முகூர்த்தம் இல்லாத மாசம். நமக்கு இதான் முகூர்த்தம். கெளம்பு."

"அங்கல்லாம் போயி யாராச்சும் காட்டுவாங்களா?"

"பல்லு வலிச்சா வாயத் தொறந்து காட்டுறேல்ல. அதுவும் ஒடம்புதான்டி."

அழுதுகொண்டேதான் வந்தாள். அடுத்த வருடம் அழவில்லை. அதற்கடுத்த வருடம் அவள்தான் அவரைக் கிளப்பினாள்.

ஓர் ஆடியில் தொற்று என்றார் டாக்டரம்மா. இருவருக்கும் மாத்திரை. எனக்கு எதற்கு என்று கேட்பார் என்று பயந்தாள். அவர் வீட்டுக்கு வந்ததும் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். அவள் விழுங்கும் முன்பே அவர் விழுங்கினார்.

இன்னோர் ஆடியில், அணுக்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன என்றார்கள். புற்று ஆகவில்லை. ஆவதற்கு முன்பே அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். மாலையிலேயே வீடு. ஊருக்கே ரசம் வைக்கிறவர் அன்று ஒருத்திக்கு மட்டும் வைத்தார். இரண்டு தடவை அள்ளிப் போட்டாரோ என்னவோ, ஒரே உப்பு.

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

போன தையில் மகளின் கல்யாணம். மேடையில் மகளுக்குப் பக்கத்தில் அவளும் நின்றாள். தன் காலில், தன் உடம்போடு.

"செண்பகவல்லி!"

நர்ஸின் குரல். எழுந்தாள்.

அறைக் கதவருகே திரும்பிப் பார்த்தாள். சம்பந்தியம்மாவின் கண் வாசல் பக்கம் இருந்தது.

உள்ளே எல்லாம் பழகியதுதான். கூரையில் அதே ஓட்டை விழுந்த பலகை. மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். இழுத்து விட்டாள்.

வெளியே வரும்போதே கண் சம்பந்தியம்மாவைத் தேடியது. நாற்காலி காலியாக இருந்தால்?

இருந்தார். நாற்காலியின் நுனியில்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மதினி. தோசை திருப்பிப் போடுற நேரங்கூட ஆகல."

"வலிச்சுச்சா?"

"கூச்சந்தான். வலியில்ல."

சம்பந்தியம்மா கைப்பையின் பொத்தானைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடியலில் வராத சொல் இப்போது வந்தது.

"எங்க வீட்டுக் கூடத்துல மால போட்ட படம். யாருன்னு நேத்துக் கேட்டீங்களே. எங்கக்கா. அவளும் சூடுன்னுதான் சொன்னா மதினி."

பொத்தான் சத்தம் நின்றது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கூட வந்தவங்களும் பாக்குறாங்களா?"

சம்பந்தியம்மா அவள் கணவரின் மடியைப் பார்த்தார். 

கல்யாணம் பேசிய நாளிலிருந்து சம்பந்தியம்மா அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எது வேண்டுமானாலும் மருமகளிடம் சொல்லிச் சொல்ல வைப்பார். நேற்று விருந்தில், போதும் என்பதைக்கூட இலைமேல் கையை விரித்துத்தான் காட்டினார்.

இப்போது எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வயிற்றோடு அணைத்திருந்த பையை விடுவித்து அவர் முன் நீட்டினார்.

"அண்ணே, இதையும் கொஞ்சம் பிடிங்க."

அவர் எழுந்து நின்றார். தாம்பூலத் தட்டு வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் வாங்கினார்.

அறைக் கதவு மூடியது.

அவர் மறுபடி உட்கார்ந்தார். மடியில் இரண்டு பைகள். இரண்டாவதன் வாரையும் சுருட்டி உள்ளே தள்ளினார்.

வழக்கமாக அவள் வெளியே வந்ததும் பையைக் கொடுத்துவிடுவார். பிறகு எதிர்க்கடையில் காபி.

அவள் கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும். அவுகளும் வரட்டும்."